எழுத்து ஒரு பக்கம், எண் ஒரு பக்கம்

பிப்ரவரி 3, திங்கள்

தங்கைக்கு,

இது சொந்த விஷயமாக எழுதும் கடிதம் அல்ல. அலுவல் சம்பந்தமானது. அப்படியே எடுத்துக்கொள்ளவும்.

எங்கள் மருத்துவமனையில் இதய நோயாளிகளின் நெஞ்சில் வைத்துத் தைக்கும் பேஸ்மேக்கர் கருவிகளில் ஒரு தொகுதி சரியில்லை என்று தயாரித்தவர்களே போன வாரம் அறிவித்துவிட்டார்கள். எட்டு வருடம் ஓட வேண்டிய பேட்டரி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகிறதாம். வேறொரு ஊரில் ஓர் ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கரும்பலகை முன்னால் சுருண்டு விழுந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

பழுதானவை TR880 முதல் TR1240 வரை எண்ணுள்ளவை. இவற்றில் நாற்பத்து மூன்று எங்கள் கிடங்குக்கு வந்திருக்கின்றன. ரசீதில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது, எந்தெந்த எண் என்று இல்லை. கொண்டுவந்து கொடுத்த முகவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்தோம். ஆபரேஷன் முடிந்ததும் கையில் கொடுத்த கருவி எண் அட்டையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நான்கே பேர். மற்றவர்கள் எங்கோ நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பதிவறையில் பதினொரு வருடத்துப் பதிவு இருக்கிறது. இரண்டாயிரத்து அறுநூறு வரிகள். ஆளாளுக்கு ஒரு விதமாகத் தட்டி வைத்திருக்கிறார்கள். வரிசைப்படுத்தச் சொன்னால் கம்ப்யூட்டர் TR1005ஐ TR880க்கு முன்னால் போடுகிறது. TR9 இரண்டுக்கும் கீழே போய் உட்காருகிறது.

என் மகளுக்கு வேலை கிடைத்ததற்காக வீட்டில் விருந்து வைத்த அன்று, சம்பந்தி வீட்டார் முன்னால் தாங்கள் சொன்னது நினைவிருக்கும். "அண்ணன் பண்ற வேலையை மெஷின் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடும்." எல்லோரும் சிரித்தார்கள். அந்த இரண்டு நிமிடம் இப்போது தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
அண்ணன்
பதிவறைப் பொறுப்பாளர்


பிப்ரவரி 4, செவ்வாய்

மதிப்பிற்குரிய பதிவறைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் மின்னஞ்சல் கடிதம் கிடைத்தது. இரண்டு வருடம் மூன்று மாதம் கழித்து வந்த கடிதத்தில் "எப்படி இருக்கிறாய்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். மேலிருந்து கீழே தேடினேன், கீழிருந்து மேலேயும் தேடினேன்.

போகட்டும். அலுவலுக்கு வருகிறேன்.

தங்கள் கம்ப்யூட்டர் தப்புச் செய்யவில்லை. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல அது ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடுக்குகிறது. TR வரைக்கும் இரண்டும் ஒன்று. அடுத்து இங்கே 1, அங்கே 8. ஒன்று முந்தியது, எனவே 1005 முன்னால் போய்விட்டது. ஆயிரத்து ஐந்து என்பதே அதற்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு அது ஒன்று, சைபர், சைபர், ஐந்து என்ற நான்கு படங்கள். முதலில் எழுத்தையும் எண்ணையும் பிரிக்க வேண்டும். பிரித்த எண்ணை "இது எண்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் 880க்கு மேலா கீழா என்று கேட்க முடியும்.

வரி எண், கருவி எண் இரண்டை மட்டும் அனுப்பவும். நோயாளிகளின் பெயர், முகவரி எதுவும் எனக்கு வர வேண்டாம். அது தங்களுக்கே தெரிந்திருக்கும்.

தங்கை


பிப்ரவரி 5, புதன்

தெரியும். பெயரை அனுப்பும் எண்ணம் எனக்கும் இல்லை. இரண்டு நெடுவரிசைகள் இணைத்திருக்கிறேன்.

அண்ணன்

எப்படி இருக்கிறாய்.


பிப்ரவரி 7, வெள்ளி

அண்ணா,

கேள்விக்குறி இல்லாவிட்டாலும் கேள்வி கிடைத்தது. இருக்கிறேன்.

உங்கள் நெடுவரிசையைப் பார்த்துத் தலை சுற்றியது. TR880, tr 880, TR-0880, Tr.880, 880TR. ஒரே கருவிக்கு எத்தனை வேஷம்.

பைத்தான் மொழியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். இரண்டு பைகள். ஒவ்வொரு குறியாக எடுத்து, "நீ எழுத்தா?" என்று கேட்கும். ஆமென்றால் முதல் பை. "நீ எண்ணா?" ஆமென்றால் இரண்டாவது பை. புள்ளி, கோடு, இடைவெளி எல்லாம் குப்பை. கடைசியில் எழுத்துப் பையைப் பெரிய எழுத்தாக்கி, எண் பையை நிஜமான எண்ணாக்கி, TR என்று இருந்து 880க்கும் 1240க்கும் நடுவில் வந்தால் பட்டியலில் சேர்த்துவிடும். முன்னால் சைபர் இருந்தாலும் கவலையில்லை. 0880 எண்ணாக மாறும்போது சைபர் உதிர்ந்துவிடும்.

இருபத்தொன்பது பேர் கிடைத்திருக்கிறார்கள். ஓடியதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. இரண்டு நிமிடம் என்று அன்றைக்கு நான் சொன்னது அதிகம்தான்.

வாலு


பிப்ரவரி 10, திங்கள்

தங்கைக்கு,

மூன்று நாளாக நானும் இதயப் பிரிவு நர்ஸும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினோம். இருபத்தெட்டு பேர் சரியாக அமைந்தார்கள். இருபத்தொன்பதாவது ஆள் ஒரு தையல்கார அம்மா. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்துவிட்டார். இதயப் பிரிவு டாக்டரம்மா அவருடைய கருவி அட்டையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது TR95. பழைய கருவி. இவங்களுக்கு ஒண்ணும் இல்லையே. எதுக்கு வரச் சொன்னீங்க?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "சார், போன் வந்ததுலேர்ந்து சோறு எறங்கல எனக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

பதிவில் அவர் வரி TR95-2 என்று இருக்கிறது. கோட்டுக்குப் பின்னால் உள்ள 2 கருவி எண் அல்ல. அந்த நோயாளிக்கு இது இரண்டாவது ஆபரேஷன் என்று அர்த்தம். ஆரம்பத்திலிருந்தே நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம். உன் புரோகிராம் கோட்டைக் குப்பையில் போட்டுவிட்டு 95ஐயும் 2ஐயும் ஒட்டி 952 ஆக்கியிருக்கிறது. அப்படியானால், உதாரணத்துக்கு, TR1005-2 என்று ஒருவர் இருந்தால் என்ன ஆகியிருப்பார்? 10052 ஆகி, பட்டியலை விட்டே வெளியே போயிருப்பார். ஒன்றும் தெரியாமல் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

ஒரு விநாடி என்று எழுதியிருந்தாய்.

அண்ணன்


பிப்ரவரி 11, செவ்வாய்

அண்ணா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். தப்பு என்னுடையது. அந்தக் கோடு எதற்கு இருக்கிறது என்று உன்னைக் கேட்டிருக்க வேண்டும். குப்பை என்று முடிவு செய்தது மெஷின் இல்லை, நான். தையல்கார அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. எங்கள் பிரிவில் பன்னிரண்டு பேர் செய்த வேலைக்கு இனி மூன்று பேர் போதும் என்று ஒரு காலையில் சொல்லிவிட்டார்கள். மேசையைக் காலி செய்ய ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். அப்போது எனக்கு அந்த விருந்து ஞாபகம் வந்தது. உன் முகமும். அண்ணிக்கு மட்டும் தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கெஞ்சிக் கேட்டேன். இப்போது வாரம் நான்கு நாள், புதிதாகப் படிக்க வருபவர்களுக்குப் புரோகிராம் சொல்லிக் கொடுக்கிறேன். எழுத்தையும் எண்ணையும் பிரிப்பதுதான் அங்கே இரண்டாவது வாரப் பாடம். அதிலேயே கோட்டை விட்டிருக்கிறேன்.

பைகளைத் தூக்கி எறிந்துவிட்டேன். இப்போது புரோகிராம் இடமிருந்து வலமாக நடக்கும். எழுத்து முடிந்து எண் தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு. எண் முடிந்து வேறு எது வந்தாலும் இன்னொரு வெட்டு. வரிசை கலையாது. TR95-2 இப்போது TR, 95, 2 என்று மூன்று துண்டு. 880TR என்று திருப்பிப் போட்டிருந்தாலும் முதலில் வரும் எண்தான் கருவி எண், சரிதானே? சரியென்று நீ சொல்லாமல் ஓட்ட மாட்டேன். வேறு ஏதாவது வழக்கம் உங்கள் அறையில் இருந்தால் அதையும் எழுது. எல்லாவற்றையும் எழுது.

வாலு


பிப்ரவரி 13, வியாழன்

வாலு,

சரிதான். முதலில் வருவதுதான் கருவி எண்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் அண்ணியிடம் கேட்டேன். "எட்டு மாசமா உனக்குத் தெரியுமா?" என்றேன். "நீங்க கேட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டு முடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். நீ எடுத்த எடுப்பிலேயே சிரிப்பாய் என்று நினைத்துக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

தையல்கார அம்மாவின் வீட்டுக்கு நேரே போய் மன்னிப்புக் கேட்டேன். "போகட்டும் சார், மத்தவங்களக் கண்டுபிடிங்க" என்று சொல்லி, என் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைத் தைத்தும் அனுப்பினார்.

எங்கள் அறை வழக்கங்கள்: R என்று தனியாகக் கடைசியில் இருந்தால் வலப்பக்க நெஞ்சு. நட்சத்திரக் குறி இருந்தால் வேறு மருத்துவமனையிலிருந்து வந்தவர். ஏழு வருடம் முன்பு எங்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர், கண்ணாடிக்காரர் என்று கூப்பிடுவோம், ஆங்கில எழுத்தைத் தொடவே மாட்டார். அவர் இருந்த ஒரு வருடம் முழுக்க டிஆர்912 என்று தமிழில்தான் தட்டியிருக்கிறார்.

அண்ணன்


பிப்ரவரி 14, வெள்ளி

அண்ணா,

முப்பத்தேழு. புதிதாக ஒன்பது பேர். தையல்கார அம்மா பட்டியலில் இல்லை. நீ உதாரணம் சொன்ன TR1005-2 நிஜமாகவே இருக்கிறார். முதலில் அவரைக் கூப்பிடு.

இன்னும் ஆறு பேர். அதில் ஐந்து பேராவது கண்ணாடிக்காரர் வரிகளில் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே சிக்கிக்கொண்டேன். டிஆர்912ஐக் கொடுத்தால் துண்டு துண்டாக நொறுங்கிப்போகிறது. காரணத்தைக் கண்டுபிடித்ததும் கோபம் வந்தது. "நீ எழுத்தா?" என்று பைத்தானைக் கேட்டால், ட எழுத்து என்கிறது, ஆ எழுத்து என்கிறது, ர எழுத்து என்கிறது. ஆனால் டி மேலே இருக்கும் வளைவைத் தனியாக எடுத்து, இது எழுத்து இல்லை என்கிறது. ர் மேலே இருக்கும் புள்ளியும் எழுத்து இல்லையாம். நம் பெயரையே எழுதிக் கொடுத்தாலும் பாதிதான் எழுத்து என்று சொல்லும் போல.

வளைவு, கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். நாளை மறுநாள் வரை ஆகலாம்.

வாலு


பிப்ரவரி 14, வெள்ளி, மாலை

வாலு,

TR1005-2 ஒரு பஸ் டிரைவர். வண்டியிலிருந்தே இறக்கிக் கூட்டி வந்துவிட்டோம். நாற்பது பயணிகளோடு ஓட்டிக்கொண்டிருந்தார். இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

உன் சிக்கலைப் பற்றி ஒரு சந்தேகம். எனக்குப் புரோகிராம் தெரியாது, தப்பாக இருந்தால் விட்டுவிடு. எது எழுத்து என்று அதனிடம் ஏன் கேட்கிறாய்? அதற்குத்தான் தெரியவில்லையே. எது எண் என்று மட்டும் கேள். அது தெரியும் அல்லவா? எண்ணைப் பொறுக்கி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது எழுத்துதானே. நாங்கள் கோப்பு பிரிக்கும்போது அப்படித்தான் செய்வோம். தெரிந்ததை முதலில் எடுத்து வைத்துவிடுவோம்.

அண்ணன்


பிப்ரவரி 15, சனி

அண்ணா,

இரண்டாவது வாரப் பாடம் எடுக்கும் டீச்சர் இன்று காலை பத்து நிமிடம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண் எது என்று மட்டும் கேட்டேன். எண்ணும் எண் அல்லாததும், அவ்வளவுதான். புரோகிராம் பாதியாகச் சுருங்கிவிட்டது. டிஆர் என்பது வளைவோடும் புள்ளியோடும் முழுசாக ஒரு பக்கம் வந்து நின்றது. டிஆர் என்றாலும் TR என்றாலும் ஒன்றுதான் என்று ஒரு வரி சேர்த்தேன். ஐந்து பேரும் வந்துவிட்டார்கள்.

நாற்பத்து இரண்டு.

வகுப்பில் இதை அப்படியே சொல்லிக் கொடுக்கப் போகிறேன். யார் சொன்னது என்று கேட்டால், பதிவறைப் பொறுப்பாளர் என்று சொல்வேன்.

கடைசி ஒருவருக்காக வேறு மாதிரித் தேடினேன். வெட்டிய பிறகு உங்கள் வழக்கம் எதற்கும் பொருந்தாத துண்டுகள் உள்ள வரிகளை மட்டும் எடுத்துத் தரச் சொன்னேன். பதினொன்று வந்தது. அனுப்பியிருக்கிறேன். அதில் 1874ஆம் வரியைப் பார். TR, 1, O, 12 என்று நான்கு துண்டாகியிருக்கிறது. நடுவில் இருப்பது சைபர் இல்லை, ஆங்கில ஓ. கண்ணுக்கு TR1012 போலவே இருக்கும். எனக்கு இது சந்தேகம்தான். நீ அந்த வரியைத் தட்டியவரைத் தெரிந்திருந்தால் சொல்.

வாலு


பிப்ரவரி 19, புதன்

வாலு,

தெரியும். அந்த மாதம் கீபோர்டில் சைபர் பொத்தான் கழன்று போயிருந்தது. புதிது கேட்டு நான்கு கடிதம் எழுதினேன். அதுவரை எல்லோரும் ஓவைத் தட்டிச் சமாளித்துவிட்டுப் பிறகு திருத்தினார்கள். இந்த ஒன்று திருத்தப்படாமல் விட்டுப்போயிருக்கிறது. தட்டியது நான்.

அந்த ஆள் பெயர்ப்பலகை எழுதுகிறவர். பதிவில் இருந்த போன் நம்பர் வேலை செய்யவில்லை. விலாசத்தில் இருந்த வீட்டை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால், காலி செய்து நான்கு வருடம் ஆயிற்று என்றார்கள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கடைத்தெருவில் நடந்தேன். பிரின்ட் எடுத்து ஒட்டிய பலகைகளை விட்டுவிட்டு, கையால் எழுதிய பலகை எங்கே புதிதாகத் தெரிந்தாலும் கடைக்குள் போய், "யார் எழுதினாங்க?" என்று கேட்டேன். பன்னிரண்டு கடைகள். சாவி செய்கிறவர், சலவைக்கடை, சைக்கிள் கடை. ஒரு கடைக்காரர் என்னை வரி அதிகாரி என்று நினைத்து நாற்காலி போட்டு டீ கொடுத்தார். பதின்மூன்றாவது ஒரு பேக்கரி. "அவரா? ரெண்டு தெரு தள்ளி, பூட்டுக் கடையில எழுதிட்டிருக்கார்" என்றார்கள்.

போய்ப் பார்த்தால் மனிதர் பதினைந்து அடி ஏணியின் உச்சியில் நிற்கிறார்.

"ஐயா, கொஞ்சம் இறங்கி வாங்க. ஆஸ்பத்திரியில இருந்து வரேன்."

"இந்த ஒரு எழுத்த முடிச்சிட்டு வரேன் சார். பாதில விட்டா காஞ்சிடும்."

"காஞ்சா காயட்டும். மொதல்ல எறங்குங்க."

ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இறங்கினார். கருவி அட்டை கேட்டேன். பர்ஸிலிருந்து எடுத்தார். நாலா பக்கமும் பெயின்ட் கறை. துடைத்துப் பார்த்தால் TR1012.

"பதினஞ்சு நாளா அப்பப்போ கண்ணு இருட்டுது சார். பெயின்ட் வாசனைன்னு நெனச்சேன்."

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க அவர் நாடியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. இருந்தாலும் வைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை ஆபரேஷன் முடிந்தது. வெளியே எடுத்த கருவியைச் சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா பதிவறைக்கே வந்தார். அவர் இந்த மாடிக்கு வந்து நான் பார்த்ததில்லை. "இது இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்காது" என்றார். பிறகு என் மேசை மேல் இருந்த பட்டியலை எடுத்து, கடைசி வரியில் அவரே பேனாவால் டிக் போட்டார்.

நாற்பத்து மூன்று. முழுசாக.

அண்ணன்


பிப்ரவரி 20, வியாழன்

அண்ணா,

பஸ்ஸில் வைத்து உன் கடிதத்தைப் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று ஸ்டாப் போய்விட்டேன். திரும்பி நடந்தே வந்தேன். நடக்க நடக்கச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

நீ ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்க்கிறேன். ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றவே அண்ணியைக் கூப்பிடுகிற ஆள் நீ.

அன்று விருந்தில் நான் சொன்னதற்கு இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அலுவல் கடிதங்களுக்கு நடுவில் அது நழுவிக்கொண்டே இருந்தது. இப்போது கேட்கிறேன். உன்னைச் சின்னவனாக்கிக் காட்டினால் நான் பெரியவளாகத் தெரிவேன் என்று நினைத்திருக்கிறேன். அசட்டுத்தனம். என்னை மன்னித்துவிடு.

வாலு


பிப்ரவரி 24, திங்கள்

அன்புள்ள வாலு,

மன்னித்தாயிற்று. நான் இரண்டு வருடம் உனக்குப் போன் செய்யாததை நீ மன்னித்துவிடு. சரிக்குச் சரி.

சனிக்கிழமை மருத்துவமனையில் எல்லாப் பிரிவுகளையும் கூட்டினார்கள். டாக்டரம்மா என்னை மேடைக்குக் கூப்பிட்டார். "என் தங்கை எழுதின புரோகிராம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. எப்படி என்று சொல்லச் சொன்னார். பலகையில் TR95-2 என்று எழுதி, எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டினேன். பிறகு பேச்சு தானாக வந்துவிட்டது. அரை மணி நேரம் பேசினேனாம். உன் அண்ணி பின்வரிசையில் உட்கார்ந்து மணி பார்த்திருக்கிறாள். யாரும் எழுந்து போகவில்லை என்று அவளே சொன்னாள்.

முடிந்ததும் நிர்வாகத்தினர் என்னோடு பேசினார்கள். பழுதான கருவிகள் மொத்தம் ஆறு மருத்துவமனைகளுக்குப் போயிருக்கின்றன. மற்ற ஐந்திலும் இன்னும் பாதிப் பேரைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் பதிவறைகளிலும் ஆளுக்கு ஒரு வழக்கம், ஆளுக்கு ஒரு கோடு. "அண்ணன் தங்கை ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா அஞ்சு இடத்தையும் முடிச்சுக் கொடுத்துடலாமே" என்றார் டாக்டரம்மா. உனக்கு முறைப்படி நியமனக் கடிதம் வரும். உன் படிப்பையும் அனுபவத்தையும் எழுதிக் கொடுத்தது நான். ஒன்றிரண்டு விஷயம் கூடுதலாகப் புகழ்ந்திருப்பேன், கண்டுகொள்ளாதே.

முதல் மருத்துவமனை உன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே எழுபத்தொரு பேர். பதிவறைப் பொறுப்பாளரிடம் போனில் பேசிவிட்டேன். "உங்க ஆளுங்க கோடு போடுவாங்களா, புள்ளி வைப்பாங்களா?" என்று கேட்டேன். "ரெண்டும் சார், சில பேர் அடைப்புக்குறியும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் குதூகலமாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை ரயில். நான் ஒன்பதேகாலுக்கு இறங்குவேன், நீ ஒன்பதரைக்கு. ஸ்டேஷனிலிருந்து மருத்துவமனைக்கு நடந்தால் இருபது நிமிடமாம். ஆட்டோ வேண்டாம், நடந்தே போவோம். வாசலில் நிற்பேன், சீக்கிரம் இறங்கி வா.

உன்
அண்ணன்